வேலூர்ப் பக்கத்தில் பழைய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் புத்தகம் சேர்ப்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடியில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிறு மாலை ஆட வருகிறவர்களும், அலமாரியைப் பார்த்துவிட்டுப் போனவர்களும், அவர்கள் சொல்லிக் கேள்விப்பட்டு வாணியம்பாடி, அரக்கோணத்திலிருந்து போன் செய்கிறவர்களும் கேட்கும் கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். 1974 முதல் 1990கள் வரை வந்த கற்பனை உலக ரோல் பிளேயிங் ஆட்டங்களின் புத்தகங்கள், பெட்டிகள், பகடைகள், உலோகப் பொம்மைகள் பற்றித்தான் எல்லாம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இவை ஆடுவதற்காக அச்சிட்டவை. பிரித்துப் படித்து ஆடுகிறவர் கையில் இருக்கும் பிரதிதான் நல்ல பிரதி. கீழே வரும் பதில்கள் எல்லாமே அந்தப் பக்கம்தான் சாயும்.

இது என்ன விளையாட்டு? பரமபதம் மாதிரியா?

இல்லை. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாயால் கதை சொல்லி ஆடுவது. ஒருவர் கதையை நடத்துவார், அவர்தான் டன்ஜன் மாஸ்டர். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம்: வாள்வீரன், மந்திரவாதி, திருடன் என்று. “கதவைத் தள்ளித் திறக்கிறேன்” என்று நீங்கள் சொன்னால், உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் சொல்வார். நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வரும் இடத்தில் பகடை முடிவு செய்யும். ஜெயித்தவர், தோற்றவர் என்று யாரும் இல்லை. ஒரே கதை வருஷக்கணக்கில்கூட ஓடும்.

புத்தகங்கள் எதற்கு என்றால், விதிகளுக்கு, பூதங்களின் பட்டியலுக்கு, மந்திரங்களுக்கு, அப்புறம் ஆயத்தமாக எழுதி வைத்த சாகசங்களுக்கு. இந்தச் சாகசப் புத்தகங்களை மாட்யூல் என்பார்கள். பெரும்பாலும் முப்பது நாற்பது பக்கம், நடுவில் பின் அடித்தது, மேலே வரைபடத்தோடு ஒரு தனி அட்டை.

எந்த வருஷம் வரை வந்ததைப் பழசு என்பது?

சேர்ப்பவர்களுக்குள் இதில் ஒரே கருத்து கிடையாது. நான் வைத்திருக்கும் கோடு 1997. காரணம் சொல்கிறேன்.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வந்தது. வெளியிட்டது அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் தொடங்கிய டிஎஸ்ஆர் நிறுவனம். முதல் அச்சு 1,000 பெட்டி. மரக்கட்டை போல அச்சிட்ட தாள் ஒட்டிய அட்டைப் பெட்டி, உள்ளே மூன்று சின்னப் புத்தகம், விலை 10 டாலர். கையாலேயே அடுக்கி, கையாலேயே ஒட்டினார்கள். 1977இல் ஜே. எரிக் ஹோம்ஸ் தொகுத்த ஆரம்பநிலைப் பெட்டி வந்தது. அதே வருஷம் கெட்டி அட்டை போட்ட மான்ஸ்டர் மேனுவல், 1978இல் பிளேயர்ஸ் ஹேண்ட்புக், 1979இல் டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு. ஆரம்பநிலைப் பெட்டியை 1981இல் டாம் மோல்ட்வே திருத்தினார், 1983இல் ஃபிராங்க் மென்ட்சர் மறுபடி எழுதினார். பெரிய புத்தகங்களின் இரண்டாம் பதிப்பு 1989. டிஎஸ்ஆர் கடனில் மூழ்கி 1997இல் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்தின் கைக்குப் போனது. அடுத்த பதிப்பு 2000இல் வேறு விதிகளோடு, வேறு தோற்றத்தோடு வந்தது. லேக் ஜெனீவாவில் ஆரம்பித்தது 1997இல் முடிகிறது என்பதால் அதுதான் என் கோடு.

டிஎஸ்ஆர் மட்டும்தான் என்று இல்லை. 1975இல் கென் செயின்ட் ஆண்ட்ரே எழுதிய டனல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ், 1978இல் கேயாஸியம் வெளியிட்ட ரூன்குவெஸ்ட் இரண்டும் இதே காலத்தவை, இரண்டையும் சேர்க்கலாம். ரூன்குவெஸ்ட் ஆடிப் பார்த்தவர்கள் அதை விட மாட்டார்கள்.

முதலில் எதை வாங்கலாம்?

1983ஆம் வருஷத்துச் சிவப்புப் பெட்டி. அட்டையில் லாரி எல்மோர் வரைந்த சிவப்பு டிராகனும் அதை எதிர்த்து நிற்கும் வீரனும் இருப்பார்கள். உள்ளே இரண்டு புத்தகம். ஆடுபவருக்கு 64 பக்கம், நடத்துபவருக்கு 48 பக்கம். முதல் புத்தகத்தைத் திறந்ததும் விதி எதுவும் வராது, கதை வரும். நீங்கள் தனியாகப் படித்துக்கொண்டே போனால் ஆடவும் கற்றுக்கொண்டுவிடுவீர்கள். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத ஊர்க்காரருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. ஏராளமாக அச்சானதால் இன்றும் கிடைக்கிறது, விலையும் மற்றவற்றைவிடக் குறைவு.

1974 பெட்டியைத் தேடி ஆரம்பிக்காதீர்கள். அதன் விதிகள், பொம்மை வைத்துப் போர் விளையாட்டு ஆடிப் பழகியவர்களுக்காக எழுதியவை. புதியவருக்குப் பாதி புரியாது.

அண்ணா, இதெல்லாம் வேலூரில் கிடைக்குமா?

கல்லூரிப் பையன்கள் முதலில் கேட்பது இதைத்தான். கடையில் கிடைக்காது. பழைய பேப்பர் கடையில் எப்போதாவது கிடைக்கும். இது வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டவர்களும் தலைமுறை தலைமுறையாக வந்து போகிற ஊர். சிஎம்சிக்கு வந்த மருத்துவர்கள், அவர்கள் குடும்பங்கள், விஐடி மாணவர்கள் என்று ஊரை விட்டுப் போகிறவர்கள் ஆங்கிலப் புத்தகங்களை எடைக்குப் போட்டுவிட்டுப் போவார்கள். பாகாயம், சாயிநாதபுரம், காட்பாடி பக்கத்துக் கடைகளில் கண் வைத்திருங்கள். விடுதிகள் காலியாகும் மே மாதத்தில் இன்னும் கவனமாக.

ஆனால் அங்கே எது வரும் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். பெரிய டிஎஸ்ஆர் பெட்டி வராது. வருவது பஃபின் வெளியிட்ட ஃபைட்டிங் ஃபேன்டஸி வரிசை. ஸ்டீவ் ஜாக்ஸன், இயன் லிவிங்ஸ்டன் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் 1982இல் தொடங்கியது. ஒருவரே ஆடும் புத்தகம். முதல் புத்தகத்தில் 400 பத்திகள், ஒவ்வொன்றின் முடிவிலும் அடுத்து எந்த எண்ணுக்குப் போவது என்று இருக்கும். இரண்டு சாதாரணப் பகடை போதும். பச்சை முதுகு இருந்தால் அலமாரியில் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். முதல் பக்கங்களில் பாத்திரத்தின் பலம், அதிர்ஷ்டம் எழுதும் கட்டங்கள் இருக்கும். அதில் பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதியிருப்பார்கள். டிராகன்லான்ஸ் நாவல்களும் அவ்வப்போது வரும். அவை ஆட்டத்தை ஒட்டி டிஎஸ்ஆரே வெளியிட்டவை, 1984இல் ஆரம்பித்தன.

பேப்பர் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். “பாய், டிராகன் படம் போட்ட இங்கிலீஷ் புத்தகம் எது வந்தாலும் எனக்கு எடுத்து வைங்க” என்று சொல்லி, போனில் நாலு அட்டைப் படத்தைக் காட்டுங்கள். ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும்: அட்டையைக் கிழிக்க வேண்டாம் என்று. கெட்டி அட்டைக்கு ஒரு விலை, உள்தாளுக்கு ஒரு விலை என்பதால், புத்தகம் தராசில் ஏறுமுன்னே அட்டையைப் பிய்த்துத் தனியாகப் போட்டுவிடுவார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் அட்டை ஒரு மூட்டையிலும் உள்பக்கங்கள் ஒரு மூட்டையிலுமாகப் போயிருந்த புத்தகங்களைப் பார்த்திருக்கிறேன். இப்போது எனக்காக ஒரு கடையில் தனிப்பெட்டியே வைத்திருக்கிறார்கள். எடை விலைக்கு மேல் கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள், அவர் நினைவில் வைத்துக்கொள்வார்.

அப்புறம் சென்னை. காட்பாடியிலிருந்து ரயிலேறி சென்ட்ரலில் இறங்கினால் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்துப் பழைய புத்தகக் கடைகள். பழைய மூர் மார்க்கெட் 1985இல் எரிந்த பிறகு அங்கிருந்தவர்கள் வந்து சேர்ந்த இடம் அது. எதிர்ப் பக்கம் போனால் பெங்களூரு சர்ச் ஸ்ட்ரீட். அங்கே மாடி மாடியாகப் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன, கற்பனைக் கதைகளுக்குத் தனி அடுக்கே வைத்திருக்கிறார்கள். இரண்டு ஊருக்கும் நடுவில் காட்பாடி ஜங்ஷன் இருப்பது நம் பாக்கியம்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால்?

பெட்டியும் கெட்டி அட்டைப் புத்தகமும் வேண்டுமென்றால் கடைசியில் அதுதான் வழி. புத்தக விலையைவிடத் தபால் செலவு அதிகமாகலாம். ஒரே விற்பனையாளரிடம் நாலைந்து பேர் சேர்ந்து வாங்கினால் கட்டுப்படியாகும். 2019 பட்ஜெட்டிலிருந்து வெளிநாட்டு அச்சுப் புத்தகங்களுக்கு 5 சதவீத அடிப்படைச் சுங்க வரி வந்தது. பகடையும் பொம்மையும் உள்ள பெட்டி புத்தகக் கணக்கில் வராமல் விளையாட்டுப் பொருள் கணக்கில் போகக்கூடும், அதற்கு வரி பல மடங்கு. ஆர்டர் போடுமுன் அன்றைய நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் அமெரிக்காவில் ஆள் இல்லாத தெரு கிடையாது. மாமா பையனோ, பக்கத்து வீட்டு அக்காவோ லீவுக்கு வரும்போது, இரண்டு மாட்யூல் துணிகளுக்கு நடுவில் தட்டையாகப் படுத்து வந்துவிடும். பெட்டி என்றால் உள்ளே காலி இடத்தில் துணியைத் திணித்துக் கொண்டுவரச் சொல்லுங்கள், மூலை நசுங்காது.

வாங்குமுன் படம் கேளுங்கள். முதுகு, நாலு மூலை, உள் முதல் பக்கம், வரைபடம், நடுப்பக்கத்துப் பின். படத்தில் தெரியாதது வாசனை. சிகரெட் நெடியா, பூஞ்சை வாடையா என்று நேரடியாகக் கேளுங்கள். பூஞ்சை என்றால் விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம், அலமாரியில் இருக்கும் மற்ற புத்தகங்களுக்கும் பரவும்.

எந்த அச்சு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. முதலில் நிறுவனத்தின் முத்திரையைப் பாருங்கள். டிஎஸ்ஆர் தன் முத்திரையை அடிக்கடி மாற்றியது. பல்லி மனிதன் இருந்தால் 1970களின் நடுப்பகுதி. மந்திரவாதி இருந்தால் 1970களின் கடைசி. அதற்கடுத்து முகம் ஒன்று வரும், அது 1980களின் ஆரம்பம். பிறகு கோணலான எழுத்துகள் மட்டும். காப்புரிமை வருஷத்தை மட்டும் நம்பாதீர்கள், 1978 என்று போட்ட பக்கத்தோடு 1980களிலும் அச்சடித்தார்கள்.

கெட்டி அட்டைப் புத்தகங்களில் முதுகின் நிறம் உதவும். 1983இலிருந்து புதிய அட்டைப் படத்தோடு மறுஅச்சானபோது முதுகு ஆரஞ்சு ஆனது. அதற்கு முந்தைய பிளேயர்ஸ் ஹேண்ட்புக் அட்டையில், பெரிய சிலையின் கண்ணிலிருக்கும் ரத்தினத்தை இரண்டு திருடர்கள் நெம்பிக்கொண்டிருப்பார்கள். டேவ் டிராம்பியர் வரைந்தது. இந்த ஆட்டத்தின் மொத்த குணத்தையும் ஒரே படத்தில் சொன்ன அட்டை அது, கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

1974 பெட்டியில் முதல் மூன்று அச்சுக்கு மரநிறப் பெட்டி, பிறகு வெள்ளை. ஆரம்ப அச்சுகளில் ஹாபிட், பால்ராக் என்ற பெயர்கள் இருக்கும். டோல்கீன் படைப்புகளின் உரிமைதாரர்கள் ஆட்சேபித்ததால் பின்னால் எடுத்துவிட்டார்கள், ஹாபிட் ஹாஃப்லிங் ஆனது.

தெய்வங்களைப் பட்டியல் போட்ட 1980ஆம் வருஷத்து டீட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ் புத்தகத்தில் பக்கத்தை எண்ண வேண்டும். ஆரம்ப அச்சு 144 பக்கம். அதில் கதுலு, மெல்னிபோனே என்ற இரண்டு கதையுலகங்கள் உண்டு. அவற்றின் உரிமம் கேயாஸியத்திடம் இருந்ததால் அடுத்தடுத்த அச்சில் நீக்கினார்கள், புத்தகம் 128 பக்கம் ஆனது. விற்பவர் “ஆரம்ப அச்சு” என்று சொன்னால் கடைசிப் பக்க எண்ணின் படம் அனுப்பச் சொல்லுங்கள். அவ்வளவுதான் பரிசோதனை.

இன்னொன்று: 1981 மோல்ட்வே புத்தகத்தின் ஓரத்தில் மூன்று துளை இருக்கும். யாரோ பஞ்ச் செய்து கெடுத்துவிட்டார்கள் என்று நினைத்து ஒதுக்காதீர்கள். ஃபைலில் கோத்து வைக்க வசதியாக அச்சகத்திலேயே போட்டது.

பெட்டிக்குள் பகடையே இல்லை. ஏமாற்றிவிட்டார்களா?

வருஷத்தைப் பாருங்கள். 1979 வாக்கில் பகடைத் தட்டுப்பாடு வந்தது. ஹோம்ஸ் பெட்டியில் பகடைக்குப் பதிலாக எண் அச்சிட்ட சின்ன அட்டைத் துண்டுகளை வைத்து அனுப்பினார்கள். கத்தரித்துக் குவளையில் போட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். அந்த அச்சுக்கு அட்டைத் துண்டு இருந்தால்தான் பெட்டி முழுமை. நல்ல மனசோடு யாராவது பிறகு பகடை வாங்கிப் போட்டிருந்தால், ஆட நல்லது, ஆனால் மூலப்பொருள் ஆகாது.

அந்தக் காலத்துப் பகடையில் அப்படி என்ன விசேஷம்?

கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும். நாலு முகம், ஆறு, எட்டு, பன்னிரண்டு, இருபது முகம் என்று ஐந்து பகடை. மென்மையான பிளாஸ்டிக். நிறைய ஆடியவருடைய பகடையில் மூலைகள் உருண்டு, இருபது முகப் பகடை கிட்டத்தட்ட கோலிக்குண்டு ஆகியிருக்கும். அதில் 1 முதல் 20 வரை இருக்காது. 0 முதல் 9 வரை இரண்டு முறை இருக்கும். பாதி முகங்களுக்கு ஒரு நிறம், மீதிக்கு வேறு நிறம் பூசி, ஒரு நிறம் விழுந்தால் பத்தைக் கூட்டிக்கொள்வார்கள்.

1981, 1983 பெட்டிகளில் பகடையோடு ஒரு மெழுகு கிரேயானும் இருக்கும். எண்கள் பள்ளமாகத்தான் இருக்கும், நிறம் இருக்காது. கிரேயானைப் பள்ளத்தில் அழுத்தித் தேய்த்து, மேலே வழிந்ததைத் துணியால் துடைத்தால் எண் மட்டும் நிற்கும். பழைய ஆள் பூசிய மெழுகு இன்னும் இருந்தால் அதைச் சுரண்டாதீர்கள். பூசாத பகடை கிடைத்தால் தாராளமாகப் பூசி ஆடுங்கள், சாதாரண கிரேயானே போதும். வெயில் காலத்தில் மெழுகு இளகிக் கையில் ஒட்டும், அப்போது மறுபடி துடைக்க வேண்டும்.

உலோகப் பொம்மைகளை வாங்கலாமா?

வாங்கலாம், இரண்டு எச்சரிக்கையோடு. கிரெனடியர், ரால் பார்த்தா, சிட்டடல் நிறுவனங்களின் பழைய பொம்மைகளில் ஈயம் உண்டு. வீட்டு ரசச் சொம்பின் வெள்ளீயம் இல்லை, காரீயம், உடம்புக்கு விஷம். தொட்டால் கை கழுவுங்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள்.

இரண்டாவது, ஈயம் அரிக்கும். வெள்ளை மாவு போல மேலே படியும், பிறகு மூக்கு, வாள்முனை என்று உதிர ஆரம்பிக்கும். மரத்திலிருந்தும் பிளைவுட் பசையிலிருந்தும் வரும் அமில ஆவிதான் காரணம். மர அலமாரியில் கதவை இறுக்கி மூடி வைப்பது இவற்றுக்கு ஆகாது. எல்லா வீட்டிலும் இருக்கும் இரும்பு பீரோவே நல்ல இடம்.

நம் ஊர் வெயிலில் புத்தகத்தை எப்படிக் காப்பாற்றுவது?

வெளிநாட்டு அறிவுரைகள் குளிர் ஊருக்கு எழுதியவை. நமக்குக் கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டும், ஐப்பசி கார்த்திகையில் சுவரே ஈரமாகும். இரண்டையும் அதே புத்தகம் தாங்க வேண்டும்.

பரண் கூடவே கூடாது. மொட்டை மாடித் தளத்துக்குக் கீழே இருக்கும் பரணில் வெயில் காலத்துச் சூடு தங்கி, முதுகில் இருக்கும் பசை காய்ந்து பக்கம் பக்கமாக விடும். 1985ஆம் வருஷத்து அன்எர்த்து ஆர்க்கானா என்ற விதிப் புத்தகம் புதிதாக இருந்தபோதே பைண்டிங் சரியில்லை என்று பெயர் வாங்கியது. அதைப் பரணில் போட்டால் ஒரே கோடையில் தாள்கட்டாகத்தான் இறங்கும். வெளிச்சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள், மழையில் ஈரம் இறங்கும், கரையானும் அந்த வழியாகத்தான் ஏறும். வீட்டின் நடு அறை, தரையிலிருந்து ஒரு சாண் உயரம், சுவரிலிருந்து நாலு விரல் இடைவெளி. இது போதும், ஏசி தேவையில்லை. பகலில் போட்டு இரவில் நிறுத்தும் ஏசி தரும் ஏற்ற இறக்கத்தைவிட ஒரே சீரான சூடு தாளுக்கு மேல்.

ராமபாணப் பூச்சிக்குப் பசை என்றால் உயிர். அட்டையின் மேல்தாளை மேய்ந்துவிடும். அந்துருண்டை போடுவது நம் வழக்கம், ஆனால் இந்தப் பெட்டிகளில் போடாதீர்கள். அந்த ஆவி சிலவகைப் பிளாஸ்டிக்கை இளக்கும், பழைய பகடை பிசுபிசுத்துப் போகும். ஆடும்போது எல்லோரும் அதைச் சுவாசிக்கவும் வேண்டும். நான் வசம்பைத் துணியில் முடிந்து அலமாரி மூலையில் வைக்கிறேன், மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்துத் தட்டி வைக்கிறேன். பூச்சியைத் தடுப்பதில் முக்கால்வாசி அந்தத் தட்டலில்தான் இருக்கிறது. பேப்பர் கடையிலிருந்து வரும் எதையும் நேராக அலமாரியில் சேர்ப்பதில்லை. பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ஃபிரீசரில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரித்தால்தான் தாளில் நீர் கோக்காது. வீட்டில் அம்மா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, இப்போது கீழ்த்தட்டு என்னுடையது.

மழைக்காலத்தில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். நீலம் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம், காயவைத்து மறுபடி போடலாம்.

உறை போடும்போது பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் போடும் வழவழப்பான பிவிசி உறை வேண்டாம். நாளாக ஆக எண்ணெய் போல ஒன்று கசிந்து அட்டை மையோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் படம் உறையோடு போகும். பாலிப்ரோப்பிலீன் என்று போட்ட ஃபைல் உறை எந்த ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கிறது, அது நல்லது. லேமினேஷன் செய்யவே செய்யாதீர்கள். செலோடேப்பும் அப்படித்தான், பத்து வருஷத்தில் மஞ்சளாகித் தாளைத் தின்னும்.

மாட்யூல்களில் நடுப்பின் துருப்பிடிப்பதுதான் நம் ஊரின் பெரிய வியாதி. பழுப்புக் கறை பின்னைச் சுற்றி வட்டமாகப் பரவும், பிறகு அந்த இடத்தில் தாள் பொடிந்து நடுத்தாள் கழன்றுவிடும். கறை ஆரம்பிக்கும்போதே பின்னின் கால்களை மெல்லிய கத்தியால் நிமிர்த்தி, இழுக்காமல் வெளியே தள்ளி எடுங்கள். அதே துளைகளில் வெள்ளைப் பருத்தி நூல் கோத்து உள்பக்கம் முடிச்சுப் போட்டால் ஆயுசுக்கும் நிற்கும். விற்பனை மதிப்பு குறையும் என்று சிலர் தயங்குவார்கள். துரு தின்ற பிறகு விற்க என்ன இருக்கப்போகிறது?

உள்ளே பென்சிலால் எழுதியிருக்கிறது. அழிக்கலாமா?

அழிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பி1 என்ற மாட்யூலை எடுத்துக்கொள்ளுங்கள், மைக் கார் எழுதியது, ஹோம்ஸ் பெட்டியோடு வந்தது. பாழடைந்த கோட்டை ஒன்றின் அறைகளை எல்லாம் விவரித்துவிட்டு, பூதம் என்ன, புதையல் என்ன என்ற இடத்தைக் காலியாக விட்டிருப்பார். பின்னாலிருக்கும் பட்டியலிலிருந்து எடுத்து நடத்துபவர்தான் நிரப்ப வேண்டும். என்னிடம் இருக்கும் பிரதியில் யாரோ ஒரு சிறுவனோ சிறுமியோ கோணல் எழுத்தில் எல்லா அறையையும் நிரப்பியிருக்கிறார்கள். ஓர் அறையில் எழுதியதை மூன்று முறை அடித்து, கடைசியில் பூதமே இல்லை, புதையல் மட்டும் என்று முடித்திருக்கிறார்கள். தன் நண்பர்களுக்காக அவ்வளவு யோசித்திருக்கிறார்கள்! கேட்டால், வெறுமையான பிரதிக்கு இதைக் கொடுக்க மாட்டேன். ஈரத்தால் பரவும் மை, பக்கத்தை ஒட்டவைக்கும் பசை, இவை வேறு விஷயம்.

சீல் பிரிக்காத பெட்டி வாங்கலாமா?

வேண்டாம். பழைய பெட்டியில் புதிதாகப் பிளாஸ்டிக் சுற்றி விற்பது சுலபம். உள்ளே இருப்பது சரியா என்று பிரித்தால்தான் தெரியும், பிரித்தால் கொடுத்த விலை போச்சு. ஆடவும் முடியாது.

விலை எவ்வளவு கொடுக்கலாம்?

விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், ஏலத்தில் உண்மையில் விற்று முடிந்த விலைகளைப் பாருங்கள். இரண்டுக்கும் பெரிய இடைவெளி இருக்கும். நிலையைச் சொல்லும் நியர் மின்ட், ஃபைன், குட் என்ற வார்த்தைகளை ஆளுக்கு ஆள் வேறு அர்த்தத்தில் எழுதுவார்கள். படத்தை நம்புங்கள். 1981இல் ஆரஞ்சு அட்டையோடு அச்சாகி, உடனே திரும்பப் பெறப்பட்டு அழிக்கப்பட்ட பி3 மாட்யூல் போன்றவற்றுக்கு ஆசைப்பட வேண்டாம். பச்சை அட்டையோடு திருத்தி வந்த அதே மாட்யூல் சாதாரண விலைக்குக் கிடைக்கிறது.

மறுபதிப்போ பிடிஎஃபோ வாங்கினால் போதாதா?

ஆட மட்டும் என்றால் போதும். 2012இல் முதல் பதிப்பின் மூன்று கெட்டி அட்டைப் புத்தகங்களையும், 2013இல் 1974 பெட்டியையும் விஸார்ட்ஸ் மறுபடி அச்சிட்டது. பழைய மாட்யூல்களின் பிடிஎஃபை அவர்களே விற்கவும் செய்கிறார்கள். நாங்களும் மேசையில் பிடிஎஃப் பிரின்ட்டைத்தான் அதிகம் புரட்டுகிறோம், டீ சிந்தினாலும் கவலையில்லை. மறுபதிப்பைப் பழசு என்று விற்க வருகிறவரிடம் மட்டும் ஜாக்கிரதை. 2012 பதிப்புகளின் அட்டை வேலைப்பாட்டோடு புதிதாகச் செய்தது, பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரியும்.

பிசாசு படமெல்லாம் இருக்கிறதே, வீட்டில் என்ன சொல்வது?

இதே பயம் 1980களில் அமெரிக்காவிலும் இருந்தது. அதனால் இரண்டாம் பதிப்பில் பேய், பிசாசு என்ற பெயர்களையே மாற்றினார்கள். வீட்டாரை ஒரு நாள் பக்கத்தில் உட்காரவைத்து ஆடிக் காட்டுங்கள், அதைவிட நல்ல பதில் கிடையாது.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். டீட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸில் இந்தியத் தெய்வங்களுக்கு ஒரு பகுதி உண்டு. இந்திரன், அக்னி, வருணன், எமன், காளி எல்லோருக்கும் பூதங்களுக்குப் போட்டது போலவே உயிர்ப் புள்ளியும் கவச எண்ணும் போட்டிருக்கும். நாம் கும்பிடும் தெய்வத்தைச் சண்டைக்கு எண்ணாக்கியது எனக்குப் பிடிக்கவில்லை, எங்கள் மேசையில் அந்தப் பகுதியைத் திறப்பதில்லை. சேகரிப்பில் இருக்கலாம், பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

தமிழில் ஆட முடியுமா?

நாங்கள் தமிழில்தான் ஆடுகிறோம். விதி ஆங்கிலத்தில் இருக்கும், பேச்சு முழுக்கத் தமிழ். பி1இன் காலியான அறைகளை நாங்கள் வேலூர்க் கோட்டை அகழியும் அதன் முதலைக் கதைகளும் சுரங்கப்பாதைக் கதைகளும் வைத்து நிரப்பினோம். காட்டுப் பயணம் என்றால் ஜவ்வாது மலை. வரைபடத்தில் ஆறு வற்றியிருந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை, பாலாற்றுக்காரர்கள்.

இரவல் தருவீர்களா?

பிடிஎஃப் பிரின்ட், ஃபைட்டிங் ஃபேன்டஸியில் இரண்டு பிரதி உள்ளவை, பகடை, இதெல்லாம் தருகிறேன். பெட்டிகளையும் கெட்டி அட்டைப் புத்தகங்களையும் வீட்டிலேயே உட்கார்ந்து படிக்கலாம், குறிப்பெடுக்கலாம், படம் எடுக்கலாம். ஞாயிறு மாலை நாலு மணிக்கு மேல் வாருங்கள். கையைக் கழுவித் துடைத்துவிட்டு எடுங்கள். பேனா வேண்டாம், பென்சில் கொண்டு வாருங்கள்.